கழுத்துத் தண்டுவடக் காயம்: கைகள் மீள ஆராய்ச்சி என்ன தருகிறது?

தாமிரபரணி எழுதியது:

என் தம்பிக்கு 31 வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு பனையிலிருந்து விழுந்ததில் கழுத்தின் ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடையே விலகல் ஏற்பட்டுத் தண்டுவடம் நசுங்கியது. ஊரிலிருந்து ஒரு மருத்துவமனை, அங்கிருந்து இன்னொன்று என்று போய்ச் சேர்ந்து, மூன்றாம் நாள்தான் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தோளை உயர்த்துகிறான், முழங்கையை மடக்குகிறான், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குகிறான். முழங்கையை நீட்ட முடியவில்லை, விரல்கள் அசையவில்லை. மார்புக்குக் கீழே தொடு உணர்வு மங்கலாக இருக்கிறது. குறிப்பேட்டில் "சி-6, ஏசியா பி" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் விரல்கள் திரும்பும் என்று ஒரு தனியார் மையம் சொல்கிறது. பல லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாம் என்று அப்பா நினைக்கிறார். உலகில் நடக்கும் ஆராய்ச்சி உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது, மூன்று நாள் தாமதம் எவ்வளவு கெடுத்தது, அவன் கைகளுக்கு இனி என்ன செய்யலாம் என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பாலாறு எழுதியது:

மறுவாழ்வு மருத்துவத்தில் பணியாற்றுகிறேன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காததால் அவருக்கான சிகிச்சையை இங்கிருந்து முடிவு செய்ய இயலாது. ஆனால் குறிப்பேட்டிலுள்ள இரண்டு சொற்களும் எதைக் குறிக்கின்றன என்பதை நீங்கள் புரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது.

கழுத்தில் எலும்புகள் ஏழு; அங்கிருந்து கிளம்பும் நரம்பு இணைகள் எட்டு. மூன்று முதல் ஐந்து வரையிலான நரம்புகள் உதரவிதானத்தை இயக்குவதால், அதற்கு மேலே முழுக் காயம் பட்டவருக்கு மூச்சுக்கே இயந்திரம் வேண்டியிருக்கும். ஐந்தாவது நரம்பு முழங்கையை மடக்கும், ஆறாவது மணிக்கட்டை உயர்த்தும், ஏழாவது முழங்கையை நீட்டும், எட்டாவது விரல்களை மடக்கும், அதற்கு அடுத்துள்ள முதல் மார்பு நரம்பு விரல்களை அகற்றும். "சி-6" என்றால் ஆறாவது வரை செயல்பாடு நிலைத்திருக்கிறது என்று பொருள். "ஏசியா" என்பது காயத்தின் கடுமையை ஏ முதல் இ வரை படிகளாகப் பிரிக்கும் அளவுகோல். அதில் "பி" என்றால் காயத்துக்குக் கீழே இயக்கம் இல்லை, ஆனால் தண்டுவடத்தின் கடைசிப் பகுதி வரை உணர்வு போய்ச் சேர்கிறது என்று பொருள். "ஏ" என்ற முழுக் காயத்தைவிட இது நல்ல அறிகுறி. ஏனெனில் காயப் பகுதியைக் கடந்து செல்லும் இழைகள் சில உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

கழுத்துக் காயத்தில் ஒரே ஒரு நரம்பு நிலை கீழே இறங்கினாலும் வாழ்க்கை மாறிவிடுகிறது. ஏழாவது நரம்பு வேலை செய்து முழங்கையை நீட்ட முடிந்தவர், கைகளை ஊன்றி உடலைத் தூக்கிச் சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்ளும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. அது இல்லாதவருக்குப் பெரும்பாலும் இன்னொருவர் துணை வேண்டும். மார்புப் பகுதியில் காயம் பட்டவருக்கு ஒரு நிலை இறங்குவதால் இவ்வளவு வேறுபாடு வருவதில்லை. நான்காம் மாதம் என்பது இயல்பான மீட்சி இன்னும் நடந்துகொண்டிருக்கும் காலம். பெரும்பகுதி மீட்சி முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் நிகழ்ந்து, ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையே தேங்குகிறது. இப்போது எந்த ஊசியைப் போட்டாலும் அதன் பின்னே வரும் இயல்பான மீட்சி அந்த ஊசியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேகமலை எழுதியது:

மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் என் தொழில் என்பதால், இந்தத் துறையில் நம்பிக்கை தந்து பின்னர் கைவிட்ட மருந்துகளின் வரலாற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஸ்டெம் செல் பற்றிய கேள்விக்கு விடை அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

தண்டுவடம் நசுங்கும் கணத்தில் ஏற்படுவது முதற் சேதம். அதைத் தொடர்ந்து மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடப்பது இரண்டாம் சேதம்: இரத்தக் கசிவு, வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, செத்த செல்களிலிருந்து கொட்டும் குளூட்டமேட் அண்டை செல்களையும் கொல்வது, பிறகு அழற்சி. 1911இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஆலன் நாய்களின் தண்டுவடத்தின் மேல் அளவிட்ட எடையை விழச்செய்து ஆராய்ந்த காலத்திலிருந்தே, இந்த இரண்டாம் சேதத்தைத் தடுத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்துவருகிறது. தடுப்பதற்கு முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு.

1990இல் வெளிவந்த இரண்டாம் அமெரிக்க தேசிய ஆய்வில் 487 நோயாளிகள் பங்கேற்றனர். அனைவரையும் சேர்த்துப் பார்த்த முதன்மை ஒப்பீட்டில் மருந்துக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. விபத்து நடந்து எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது சிறிய பலன் தெரிந்தது. அந்தத் துணைப்பிரிவின் முடிவு உலகெங்கும் பழக்கமாகிப் போயிற்று. கொடுக்காவிட்டால் வழக்கு வருமோ என்ற அச்சத்தில் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1997இல் வந்த மூன்றாம் ஆய்வில், 48 மணி நேரம் மருந்து பெற்றவர்களிடம் கடுமையான நிமோனியாவும் குருதி நச்சுத்தன்மையும் கூடுதலாகக் காணப்பட்டன. 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி அந்த மருந்தைப் பரிந்துரைக்க மறுத்தது. 2017இல் வேறொரு பன்னாட்டுக் குழு, எட்டு மணி நேரத்துக்குள் 24 மணி நேர அளவை ஒரு தெரிவாகக் கருதலாம் என்று மெலிதாக மட்டுமே சொன்னது. ஒரே தரவுகளைப் படித்த வல்லுநர்கள் இரு வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். என் கணிப்பில் முதல் தரப்பே சரி.

அடுத்தது ரிலுசோல். சோடிய வாயில்களை அடைத்து குளூட்டமேட் வெள்ளத்தைக் குறைக்கும் இந்த மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. கழுத்துக் காயம் பட்டவர்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு கோவிட் காலத்தில் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலேயே நின்றது. முதன்மை அளவீட்டில் வேறுபாடு நிறுவப்படவில்லை.

மூன்றாவதாக, எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் முயற்சி. பெரியவர்களின் தண்டுவடத்தில் நரம்பிழைகள் மீண்டும் வளராததற்கு, அவற்றைச் சுற்றியுள்ள மயலின் உறையில் இருக்கும் ஒரு புரதமும் காரணம் என்று சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் 1980களின் இறுதியில் காட்டினார். நோகோ-ஏ என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தண்டுவட நீரில் செலுத்தியபோது எலிகளிலும் குரங்குகளிலும் இழைகள் முளைத்தன, கைத்திறன் மீண்டது. முப்பது ஆண்டுக்கால உழைப்புக்குப் பின், கழுத்துக் காயம் பட்ட 126 பேரிடம் பல ஐரோப்பிய நாடுகளில் மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. இரு கைகளிலும் பக்கத்துக்கு ஐந்து தசைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளிகள், மொத்தம் ஐம்பது என்ற அளவுகோலில் ஆறு மாத முடிவில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. ஓரளவு இயக்கம் எஞ்சியிருந்தவர்களிடம் ஒரு நல்ல சாயல் தெரிந்தது. அதை உறுதிசெய்ய அடுத்த ஆய்வு வேண்டும். முப்பதாண்டு உழைப்பின் முதன்மை இலக்கு நிறைவேறவில்லை என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த நேர்மையைத்தான் உங்களிடம் பணம் கேட்கும் மையத்திடமும் எதிர்பார்க்க வேண்டும்.

குறிஞ்சி எழுதியது:

நரம்பியல் அறுவை மருத்துவத்தில் இருக்கிறேன். மூன்று நாள் தாமதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறைக்காமல் சொல்கிறேன்.

நசுக்கிக்கொண்டிருக்கும் எலும்பையும் வட்டையும் விரைவில் அகற்றி அழுத்தத்தைத் தளர்த்துவது நல்லது என்பதே இன்றைய நிலை. 2012இல் மைக்கேல் ஃபெலிங்ஸ் தலைமையில் வட அமெரிக்காவில் கழுத்துக் காயம் பட்ட 313 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 19.8 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் ஏசியா அளவுகோலில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறினார்கள். பிந்திப் பெற்றவர்களில் அது 8.8 சதவீதம். 2021இல் 1,548 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததிலும், முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு மணி நேரமும் கழியக் கழியப் பலன் சரிவது தெரிந்தது.

அறுவை சிகிச்சை மட்டுமே சிகிச்சை அன்று. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் இரத்த நாளங்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புக் கட்டளையும் அறுந்து, இரத்த அழுத்தம் வீழ்கிறது, நாடித்துடிப்பு குறைகிறது. அடிபட்ட தண்டுவடத்துக்கு அந்த நேரத்தில் இரத்தம் குறைவாகப் போவது மறுபடி அடிப்பதற்குச் சமம். சராசரித் தமனி அழுத்தத்தை முதல் ஏழு நாள்கள் 85 முதல் 90 வரை காக்க வேண்டும் என்று வெகுநாள் சொல்லிவந்தோம்; அண்மைக்கால வழிகாட்டிகள் அந்த எல்லைகளைச் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைக் கவனித்திருந்தால், உங்கள் தம்பியின் தண்டுவடம் அந்த மூன்று நாளும் கைவிடப்படவில்லை என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. கழுத்துக் காயத்தைப் பொறுத்தவரை அந்த மணி நேரங்களின் மதிப்பு மேலே சொன்ன எண்களில் தெரியும். பனை, தென்னை, கிணறு ஆகியவற்றில் விழுபவர்களுக்கும் இதே வேகம் வேண்டும். விழுந்தவரை இருவர் தோளிலும் காலிலும் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கும் வழக்கம் முதலில் நிற்க வேண்டும்; தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி பலகையில் படுக்கவைத்தே கொண்டுவர வேண்டும்.

மேகமலை எழுதியது:

குறிஞ்சி அவர்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் 2012 ஆய்வில் யார் விரைவில் அறுவை சிகிச்சை பெறுவது என்பது குலுக்கலில் முடிவு செய்யப்படவில்லை. மருத்துவமனைக்கு விரைவில் வந்தவர், உடல்நிலை தாங்கியவர், வசதியுள்ள நகரில் அடிபட்டவர் ஆகியோர் ஒரு பக்கம் சேர்ந்திருக்கலாம். ஆகவே 19.8, 8.8 என்ற இடைவெளி முழுவதையும் நேரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தண்டுவடம் செல்லும் எலும்புக் கால்வாய் ஏற்கெனவே குறுகியிருந்து, எலும்பு முறியாமல் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் ஜப்பானில் குலுக்கல் முறையில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், விரைவான அறுவை சிகிச்சை பெற்றவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் தாமதமாகப் பெற்றவர்களும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

குறிஞ்சி எழுதியது:

அந்த ஜப்பானிய ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் அதில் இல்லை. எலும்பு விலகியிருக்கும் இளைஞனைக் குலுக்கலில் நிறுத்தி "நீ மூன்று நாள் காத்திரு" என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ஆகவே இந்தக் கேள்விக்குக் குலுக்கல் ஆய்வின் விடை வரும்வரை காத்திருக்க முடியாது. இருக்கும் சான்றை வைத்துத்தான் நடக்க வேண்டும், நான் விரைவின் பக்கமே நிற்பேன்.

தாமிரபரணி அவர்களுக்கு ஒன்று. இவை கூட்டத்தின் சராசரிகள். முதல் நாளே அறுவை சிகிச்சை பெற்றவர்களிலும் ஐந்தில் நால்வர் இரண்டு படி முன்னேறவில்லை. மூன்று நாள் தாமதத்தால்தான் உங்கள் தம்பியின் விரல்கள் போயின என்று எந்தத் தரவும் சொல்லாது. வீட்டில் யாரும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

நானும் சி-6 நிலையில் வாழ்பவன். காயம் பட்டு வெகுகாலமாகிறது. மேலே எழுதியவர்கள் அனைவருக்கும் நன்றி. ஆராய்ச்சி எதை நோக்கி நடக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

2004இல் அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் தண்டுவடக் காயத்தோடு வாழும் 681 பேரிடம் எது முதலில் திரும்பினால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்டார். அவரும் கழுத்துக் காயத்தோடு வாழ்பவர். நான்கு கைகால்களும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கைகளையே முதலில் சொன்னார்கள். நடப்பதை முதலில் வைத்தவர்கள் மிகவும் சிலர். செய்தித்தாள்களில் நான் பார்ப்பதோ எப்போதும் "மீண்டும் நடந்தார்" என்ற தலைப்பு. கரண்டியைப் பிடிப்பது, சிறுநீர்க் குழாயைத் தானே செருகிக்கொள்வது, கண்ணில் விழும் முடியை ஒதுக்குவது, இரவில் போர்வையை இழுத்துக்கொள்வது ஆகியவை எவருடைய தலைப்பிலும் வருவதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை இன்னொருவரை அழைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவைதாம் முடிவு செய்கின்றன.

உங்கள் தம்பிக்கு மணிக்கட்டு உயர்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த ஒரு அசைவை வைத்துக்கொண்டு நான் எழுதுகிறேன், சாப்பிடுகிறேன், கைப்பேசியை இயக்குகிறேன்.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981இல் அதை நிறுவினார். உங்கள் தம்பியை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். இதே காயத்தோடு வாழ்பவர்களை நேரில் பார்ப்பதற்கு ஈடான மருந்தை நான் இதுவரை அறியவில்லை.

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறிஞ்சி அவர்களின் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த மையத்தில் ஜப்பான் செய்தியைக் காட்டுகிறார்கள். நான்கு பேருக்கு ஸ்டெம் செல் வைத்து ஒருவர் எழுந்து நின்றார் என்று உண்மையாகவே செய்தி வந்திருக்கிறது. அதையே இங்கே செய்கிறோம் என்கிறார்கள். இது சரிதானா?

மேகமலை எழுதியது:

செய்தி உண்மை, "அதையே இங்கே செய்கிறோம்" என்பது உண்மையன்று.

தோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒக்கானோவும் மசாயா நக்கமுராவும் நடத்தும் ஆய்வு அது. முதிர்ந்த செல்லை மறுபடி இளநிலைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து நரம்பு முன்னோடிச் செல்களை வளர்த்து, ஏறத்தாழ இருபது லட்சம் செல்களை அறுவை சிகிச்சையின் மூலம் காயத்திலேயே வைத்தார்கள். முதல் நோயாளிக்கு 2021 டிசம்பரில் வைக்கப்பட்டது. காயம் பட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். நால்வரில் இருவருக்கு இயக்கம் மேம்பட்டது என்றும், ஒருவர் துணையின்றி நின்றார் என்றும் 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்த ஆய்வின் நோக்கம் பாதுகாப்பை அறிவது. ஒப்பிடுவதற்கு வேறு குழு கிடையாது. முழுக் காயம் என்று முதலில் மதிப்பிடப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரோ சற்று அதிகமானவர்களோ எந்தச் செல்லும் வைக்காமலே ஒரு படியாவது ஏறுகிறார்கள். நால்வரை வைத்து இதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது என்பதை அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொள்வார்கள்.

உங்களிடம் பேசும் மையம் பெரும்பாலும் எலும்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்களைத் தண்டுவட நீரிலோ இரத்தத்திலோ செலுத்துவதாக இருக்கும். அது வேறு செல், வேறு வழி, வேறு காலம். எலும்பு மச்சையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை இரத்தத்தில் செலுத்தும் முறைக்கு ஜப்பானில் 2018 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். 13 பேரை மட்டுமே வைத்து, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் தந்த அந்த அனுமதியைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். அமெரிக்காவில் கருவிலிருந்து பெற்ற செல்களைக் கழுத்துக் காயத்தில் வைத்த 25 பேரின் ஆய்வு பாதுகாப்பைக் காட்டியதோடு நிற்கிறது. இன்னொரு நிறுவனம் கழுத்துக் காயத்தில் நடத்திய ஆய்வு, பலன் போதாதென்று 2016இல் நிறுத்தப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, இரத்த நோய்களுக்கான மச்சை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனைத்தும் ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஒப்புதல் பெற்ற ஆய்வென்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கும். ஆய்வுக்குட்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கமாட்டார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைத் தராமல் ரசீதை மட்டும் தருபவரிடம் உங்கள் நிலத்தைக் கொடுக்காதீர்கள்.

குறிஞ்சி எழுதியது:

மேகமலை சொன்ன எச்சரிக்கை முழுவதையும் ஏற்கிறேன். ஆயினும் கெய்யோவின் பணியை இதே மூச்சில் ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று. மனிதத் தண்டுவடத்துக்குள் இத்தகைய செல்கள் கட்டியாக மாறாமல் தங்கியிருந்தன என்பதே பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற செய்தி. இருபதாண்டுகளுக்கு முன் இதை யாரும் செய்து பார்த்திருக்கவில்லை. தம்பிக்கு இன்று பயன்படாது என்பதால் அது பயனற்றதாகிவிடாது.

மேகமலை எழுதியது:

அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நான் மறுப்பது அந்தப் பணியின் பெயரை வைத்து இங்கே நடக்கும் வியாபாரத்தை மட்டும்.

செங்காந்தள் எழுதியது:

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, வைகைக்கரை ஐயா சொன்ன மணிக்கட்டு அசைவைப் பற்றி எழுத வேண்டியது என் கடமை. இது இன்றே வீட்டில் கவனிக்க வேண்டியது; தவறினால் திரும்பப் பெறுவது கடினம்.

மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்களை மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு, செயலிழந்த விரல்களும் தாமாகவே உள்ளே மடங்கும். பெருவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து பதியும். மணிக்கட்டைத் தளரவிட்டால் விரல்கள் திறக்கும். சி-6 நிலையில் உள்ளவர்களின் பிடி இதுதான். இது நிலைக்க, விரல் மடக்கும் தசைநாண்கள் சற்றுக் குறுகியிருக்க வேண்டும். அன்பின் மிகுதியால் வீட்டில் உள்ளவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னுக்கு வளைத்து நீவிவிடுகிறார்கள். அப்படி நீவ நீவ நாண்கள் தளர்ந்து, பிடி போய்விடும். விரல்களை நீட்டிப் பயிற்சி தரும்போது மணிக்கட்டு கீழே தொங்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். படுக்கையில் கையூன்றி எழுப்பும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றாமல், விரல்களை மடக்கியே ஊன்றச் செய்யுங்கள்.

மின்தூண்டல் ஆராய்ச்சியில் கைகளுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று இருக்கிறது. பிடரியில், தோலின் மேலேயே மின்வாய்களை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டியபடி கைப்பயிற்சி தருகிறார்கள். 2024 மே மாதம் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 60 பேர் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் பெற்று, பிறகு இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி பெற்றார்கள். அவர்களில் 72 சதவீதத்தினர் வலிமை, செயல்பாடு இரண்டிலும் முன்னேற்றம் கண்டார்கள். காயம் பட்டுப் பல்லாண்டுகள் கடந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. முழுக் காயமான "ஏ" வகையினரை அதில் சேர்க்கவில்லை. "பி" வகையினர் சேர்க்கப்பட்டார்கள். போலித் தூண்டலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற குறையை மேகமலை சுட்டிக்காட்டுவார் என்று தெரியும். அது நியாயமான குறையே. ஆனாலும் தூண்டல் மனிதக் கையில் ஏதோ செய்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த மின்சாரம் தனியே எதையும் தருவதில்லை. ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் செய்யும் பயிற்சியோடு சேர்ந்தே தருகிறது. மின்சாரம் நம்மிடம் இல்லாதபோதும் பயிற்சி நம்மிடம் இருக்கிறது.

பாலாறு எழுதியது:

செங்காந்தள் அவர்கள் எழுதியதோடு, உங்கள் தம்பியின் காலக்கணக்குக்கு மிகவும் பொருந்தும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நரம்பு மாற்று அறுவை சிகிச்சை.

காயத்துக்கு மேலே இருப்பதால் முழுதாக வேலை செய்யும் ஒரு நரம்பின் கிளையை, அது போனாலும் வேலை கெடாத இடத்தில் வெட்டி எடுத்து, காயத்துக்குக் கீழே கட்டளை கிடைக்காமல் கிடக்கும் நரம்போடு கையிலேயே தைக்கிறார்கள். தண்டுவடத்தைத் தொடுவதில்லை. முழங்கையை மடக்கும் தசைகளில் ஒன்றுக்குச் செல்லும் கிளையை விரல் மடக்கும் நரம்புக்கும், முன்கையைப் புரட்டும் தசைக்குரிய கிளையை விரல் விரிக்கும் நரம்புக்கும், தோள் தசையொன்றின் கிளையை முழங்கை நீட்டும் தசைக்கும் தருகிறார்கள். மெல்பர்னில் நடாஷா வான் ஸைல் குழு 16 பேரிடம் 59 நரம்பு மாற்றங்கள் செய்து 2019இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டு முடிவில் முழங்கை நீட்டல், பிடித்தல், கிள்ளிப் பிடித்தல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது; நான்கு மாற்றங்கள் தோற்றன. நரம்பு மாதத்துக்கு மாதம் மெல்ல வளர்ந்து தசையைச் சேர வேண்டியிருப்பதால் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். முழுப் பலனுக்கு இரண்டு ஆண்டுகள் வரை பொறுக்க வேண்டும்.

இதற்குக் காலவரம்பு உண்டு. காயம் பட்ட இடத்திலேயே நரம்பணுக்கள் செத்துப்போயிருந்தால், அவை இயக்கிய தசைகள் நரம்புத் தொடர்பே இல்லாமல் மெல்ல நாராகிவிடும். அவற்றுக்கு ஓராண்டுக்குள், பிந்தினாலும் ஒன்றரை ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். காயத்துக்கு வெகு கீழே உள்ள தசைகளுக்கு நரம்பணு உயிரோடு இருப்பதால் கூடுதல் அவகாசம் கிடைக்கும். எந்தத் தசை எந்த வகை என்பதை நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்சோதனையும் சொல்லும். இயல்பான மீட்சிக்கு இடம் தந்து, ஆறாம் மாதத்தை ஒட்டி இந்தச் சோதனைகளைச் செய்து, கை அறுவை மருத்துவரிடம் காட்டுவதே பொருத்தமான காலம்.

நரம்பு மாற்றின் காலம் கடந்தாலும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். சுவீடனில் எரிக் மொபெர்க் தோள் தசையின் பின்பகுதியை முழங்கை நீட்டும் தசையோடு இணைத்துக் காட்டிய முறை அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. தசைநாண் மாற்றுக்கு நம் ஊரிலேயே நீண்ட மரபு உண்டு: தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு வேலூரில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் இதைத் தொடங்கினார். அவரிடம் கற்ற மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்து கை அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன. ஊசிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியும் இதற்குத் தேவைப்படாமல் போகலாம்.

தாமிரபரணி எழுதியது:

மையத்திடம் பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தை விற்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆறாம் மாதச் சோதனைக்கு இப்போதே நேரம் கேட்டிருக்கிறோம். நாங்களும் மணிக்கட்டையும் விரலையும் சேர்த்துத்தான் நீவிக்கொண்டிருந்தோம். இன்று காலையிலிருந்து மாற்றிவிட்டோம்.

இன்னொரு கேள்வி. சில சமயம் திடீரென்று அவனுக்கு முகம் சிவந்து, தலை பிளப்பதுபோல் வலிக்கிறது, நெற்றியில் வியர்க்கிறது. வெயில் என்று நினைத்தோம். இதற்கும் காயத்துக்கும் தொடர்பு உண்டா?

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, அது வெயில் என்று விட்டுவிடக் கூடியதன்று, இன்றே கவனியுங்கள். மார்பின் ஆறாவது நரம்பு நிலையிலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு வரும் ஆபத்து இது. கீழே சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலோ, மலம் இறுகியிருந்தாலோ, நகம் உள்ளே வளர்ந்திருந்தாலோ, அந்த வலியை அவர் உணராவிட்டாலும் தண்டுவடம் உணர்ந்து இரத்த நாளங்களை இறுக்குகிறது. மூளையின் தடுப்புக் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்க முடியாததால் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வலிப்பும் மூளையில் இரத்தக் கசிவும் வரக்கூடும்.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையையும் வயிற்றுப் பட்டையையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் சிறுநீரை வெளியேற்றுங்கள். பிறகு மலக்குடல், பிறகு தோல். காரணம் நீங்கினால் நிமிடங்களில் அடங்கும். அடங்காவிட்டால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எங்களுக்கு இயல்பான மேல் இரத்த அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் எங்களுக்கு அபாயம். அவசரப் பிரிவில் இருப்பவர் எல்லோரும் இதைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆகவே அவருடைய வழக்கமான இரத்த அழுத்தம், காயத்தின் நிலை, செய்ய வேண்டியவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சக்கர நாற்காலியின் பையிலேயே வைத்துவிடுங்கள்.

பாலாறு எழுதியது:

வைகைக்கரை அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. இது திரும்பத் திரும்ப வருகிறதென்றால் சிறுநீர்ப்பையில் கல்லோ தொற்றோ இருக்கக்கூடும். ஆறாம் மாதம் வரை பொறுக்காமல் இந்த வாரமே ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும் செய்துகொண்டு, அந்த முடிவுகளையும் கை அறுவை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து தருபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.